முழு வரைபடத்தையும் திறந்த நாள்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் எனக்கு டாக்குமென்ட் கண்ட்ரோல் வேலை. பெயரைக் கேட்டுவிட்டு ஏதோ பெரிய உத்தியோகம் என்று நினைப்பவர்கள் உண்டு. மெஷினில் நிற்பவர் கையில் இருக்கும் டிராயிங் பழசா புதுசா, அதில் நம்பர் இருக்கிறதா, யாராவது பேனாவால் கிறுக்கி வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பதுதான் நான் செய்வது. கிறுக்கியிருந்தால் அந்த இடத்திலேயே பிடுங்கிக்கொண்டு வந்துவிடுவேன். இதனால் மெஷின்கள் ஓடுகிற ஷாப் ஃப்ளோரில் எனக்கு அவ்வளவாக நல்ல பெயர் கிடையாது. அதைப் பற்றி நானும் கவலைப்பட்டதில்லை.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் ஊரிலிருந்து அண்ணன் போன் செய்தான். சாதாரணமாக அவன் எனக்குப் போன் செய்தால் கல்யாணம் இருக்கும், இல்லாவிட்டால் சாவு.

"பாப்பா, நீ நெட்டுல எல்லாம் தேடுவ இல்ல. நம்ப ஏரிக்குக் கால்வா வந்துக்கினு இருந்துச்சே, அதுக்கு ஒரு பழைய பேப்பர் வோணும்."

நான் பிறந்த ஊருக்கு ஊத்துக்கோட்டையில் இறங்கி ஷேர் ஆட்டோவில் போக வேண்டும். ஊரில் எல்லோருக்கும் நெல்தான். எங்கள் ஏரி தன் மேல் பெய்கிற மழையை மட்டும் நம்பி நிரம்புகிற ஏரி இல்லை. மேலே இன்னொரு ஏரி இருக்கிறது. அது நிரம்பி வழிந்தால் அந்தத் தண்ணீர் ஒரு வரத்துக் கால்வாய் வழியாக எங்கள் ஏரிக்கு வரும். நடுவில் இருந்த நிலத்தை யாரோ வாங்கி, மண் கொட்டி மேடாக்கி, பெரிய குடோன் ஒன்று கட்டிவிட்டார்கள். கால்வாய் போன இடத்தில் இப்போது காம்பவுண்டு சுவர். போன மழைக்கு மேல் ஏரித் தண்ணீர் ரோட்டில் போய் யாருக்கும் உதவாமல் ஓடிப்போனது. எங்கள் ஏரி பாதிகூட நிரம்பவில்லை. ஊரில் முக்கால்வாசிப் பேர் இரண்டாம் போகம் வைக்கவில்லை.

மனு கொடுத்தார்கள். தாசில்தார் ஆதாரம் கேட்டார். இப்போதைய பதிவேட்டில் அந்த இடம் பட்டா நிலம், கால்வாய் என்று ஒரு வார்த்தை இல்லை. அது எப்போது விட்டுப்போனது என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. குடோன் மேனேஜர் சண்டைக்காரர் இல்லை. "ஒரு பேப்பர் காட்டுங்க, செவுத்த ஒடச்சு தண்ணி போவ கல்வெர்ட்டு கட்டித் தரேன். பேப்பர் இல்லாம ஓனர் கிட்ட நான் இன்னான்னு சொல்றது?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். ஊரில் பாதிப் பேர் அந்தக் கால்வாயில் குதித்துக் குளித்தவர்கள். ஆனால் குளித்ததை ஃபைலில் வைக்க முடியாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நைனா, அதாவது எங்கள் அப்பா, போன பிறகு நிலம் அண்ணன் பெயருக்குப் போனது. நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாயிற்று என்று என் பங்குப் பேச்சை முடித்தார்கள். நானும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். எனக்கு அதில் வருத்தம் இல்லை என்று சொன்னால் அது பொய். இருந்தாலும் அண்ணன் கேட்டதும் சரி என்றேன். அது நான் நீச்சல் கற்ற ஏரி.

நான் இப்போது குடியிருக்கும் வேப்பம்பட்டில் காலையில் கம்பெனி பஸ் ஏறினால் கும்மிடிப்பூண்டி போய்ச் சேர்வதற்குள் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடலாம். பஸ்ஸில் எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். நான் அந்த நேரத்தைத் தேடலுக்கு எடுத்துக்கொண்டேன். முதல் வாரம் என் தேடலைப் பார்த்தால் சிரிப்பு வரும். திருவள்ளூர் மாவட்டம், பழைய வரைபடம், ஏரி, கால்வாய் என்று எப்படிப் போட்டாலும் போனுக்கு வந்தது மனை விற்பனை விளம்பரம். ஸ்டேஷனுக்கு அருகில் வீட்டு மனை, உடனே குடியேறலாம். நான் குடியிருக்கிற தெருவையே எனக்கு விற்கப் பார்த்தது.

அப்புறம்தான் புத்தி வந்தது. திருவள்ளூர் மாவட்டம் என்பதே நேற்று முளைத்தது. நான் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே எங்கள் மாவட்டம் செங்கல்பட்டுதானே. பழைய காகிதங்களுக்கு எங்களைத் திருவள்ளூர் மாவட்டத்துக்காரர்கள் என்று எப்படித் தெரியும்? செங்கல்பட்டு என்று தேடியதும் சந்தை திறந்த மாதிரி வந்து குவிந்தது. வெள்ளைக்காரன் எழுதிய மாவட்டப் புத்தகங்கள், ஏரிகளைப் பழுதுபார்க்க ஆள் அனுப்பி எழுதிய அறிக்கைகள், மழைக் கணக்கு, வரிக் கணக்கு. எங்கேயோ வெளிநாட்டு நூலகத்தில் இருந்த புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து, பணம் வாங்காமல் உலகத்துக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள். யாரோ முகம் தெரியாதவர்கள் செய்த இந்த உபகாரத்துக்கு நான் பஸ்ஸில் உட்கார்ந்து மனசுக்குள் நன்றி சொன்னேன்.

மறுநாளே அவர்களைத் திட்டவும் செய்தேன். மாவட்டப் புத்தகம் ஒன்றில் ஏரிகளின் வரைபடம் பின்னால் இருக்கிறது என்று போட்டிருந்தது. ஆவலோடு கடைசிப் பக்கத்துக்குப் போனேன். வரைபடத்தை மடித்த மடிப்பிலேயே வைத்துப் படம் எடுத்திருந்தார்கள். ஒரு பட்டையில் கடல், ஒரு மூலையில் அளவுக்கோல், மீதி எல்லாம் மடிப்புக்குள். ஓரத்தில் படம் எடுத்தவரின் விரல் நுனி வேறு தெரிந்தது. அந்த விரலுக்குச் சொந்தக்காரர் அன்றைக்கு இன்னும் ஒருமுறை கையை விரித்திருந்தால் எங்கள் ஊரே எனக்குக் கிடைத்திருக்கும். அவ்வளவு கோபம் வந்தது.

இந்த வேலையில் அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. புத்தகத்துக்குள் வார்த்தையைத் தேடலாம். வரைபடத்துக்குள் தேட முடியாது. அதில் இருப்பது எழுத்து இல்லை, எழுத்தின் படம். ஊர்ப் பெயரைப் போட்டு வரைபடம் கேட்பது, பூட்டிய பீரோவுக்கு வெளியே நின்று புடவையின் நிறத்தைச் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி. வரைபடத் தொகுப்பு எதற்கும் ஒரு குறிப்புத் தாள் இருக்கும். முழு ஜில்லாவையும் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு நம்பர் போட்டிருப்பார்கள். முதலில் உங்கள் கட்டம் எது என்று தெரிய வேண்டும். கம்பெனியில் பெரிய மெஷினின் டிராயிங்கும் இப்படித்தான் இருக்கும். எனக்கு இது முதல் நாளே தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை.

குறிப்புத் தாளில் ஊர்கள் எதுவும் இல்லை. கடற்கரையும் ஆறுகளும்தான் இருந்தன. பழவேற்காடு ஏரி எவ்வளவு சின்னத் தாளிலும் தெரியும். அங்கே ஆரணியாறு வந்து சேரும் இடத்தில் விரலை வைத்து, ஆற்றோடு மேலே நகர்த்திக்கொண்டே போனேன். ஊத்துக்கோட்டைக்கு அருகே ஆறு வளைகிற இடம் எனக்குத் தெரியும். பாலத்தில் பஸ் திரும்பும்போது சின்ன வயசில் நாங்கள் எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்வோம். அந்த வளைவு எந்தக் கட்டத்தில் விழுந்ததோ அந்தக் கட்டத்தின் நம்பரைக் குறித்துக்கொண்டேன். வரைபடத்தைத் திறந்தபோது எங்கள் ஏரி நீல நிறத்தில் இருந்தது. மேல் ஏரியும் இருந்தது. இரண்டுக்கும் நடுவே மயிரிழை மாதிரி ஒரு கோடு.

அண்ணனிடம் சொன்னேன். கிடைத்துவிட்டது, அனுப்பு என்று துள்ளினான். நான் அனுப்பவில்லை. அது கால்வாயா, தாளில் விழுந்த கீறலா என்று என்னாலேயே சத்தியம் செய்ய முடியாது. என் மேஜைக்கு அப்படி ஒரு கோடு வந்தால் நான் திருப்பி அனுப்புவேன். நான் ஒத்துக்கொள்ளாததைத் தாசில்தார் ஏன் ஒத்துக்கொள்ள வேண்டும்?

"நீ இன்னா பாப்பா, உன் கம்பெனி பேஜார இங்கயும் இட்டுக்கினு வர" என்று அலுத்துக்கொண்டான். இன்னும் கொஞ்சம் பொறு என்றேன்.

வேண்டியது ஊர் அளவில் வரைந்த படம், ஒவ்வொரு நிலமும் அதன் சர்வே நம்பரோடு தெரிகிற படம். அப்படிப்பட்ட கிராம வரைபடங்களையும் ஒரு தொகுப்பில் படம் எடுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று ஒரு அறிக்கையின் அடிக்குறிப்பைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். தொகுப்பைப் பிடித்துவிட்டேன். ஊத்துக்கோட்டை தாலுக்கா என்று பார்த்தால் அங்கே அப்படி ஒரு தாலுக்காவே இல்லை. மாவட்டத்தில் செய்த அதே தப்பைத் தாலுக்காவிலும் செய்திருந்தேன். பழைய தாலுக்காவின் கட்டுகளைத் திறந்தேன். இன்றைக்கு ஆந்திராவில் இருக்கிற ஊர்களும் எங்கள் பக்கத்து ஊர்களும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. மாநில எல்லையைப் பிறகு வந்து போட்டவர்களைப் பற்றி அந்தக் கட்டுகளுக்கு ஒன்றும் தெரியாது. வரிசையும் கிடையாது, அட்டவணையும் கிடையாது. ஒவ்வொரு படமாகத் திறந்து பார்ப்பதைத் தவிர வழியில்லை.

பார்த்தேன். பஸ் செங்குன்றத்தில் நெரிசலில் நிற்கும்போதும் பார்த்தேன், ஆடிட் நடக்கிற நாளில் நாஷ்டா தட்டை ஒரு கையில் வைத்துக்கொண்டும் பார்த்தேன். வீட்டுக்காரர், "உனக்கே நிலம் இல்ல, ஊருக்கு ஏன் இவ்ளோ மெனக்கெடற" என்றார். எடுத்த வேலையைப் பாதியில் விட்டால் எனக்குச் சோறு இறங்காது, அது அவருக்கும் தெரியும்.

ஒரு காலையில் கிடைத்தது. ஏரிக்கரை எங்கள் கங்கையம்மன் கோயிலுக்குப் பின்னால் ஒருமாதிரி முழங்கை மடக்கினது போலத் திரும்பும். திரையில் அந்த முழங்கை வந்தது. பெயரைப் படிப்பதற்கு முன்பே ஊர் தெரிந்துவிட்டது. மேல் ஏரியிலிருந்து வந்த கால்வாய் இந்தமுறை மயிரிழை இல்லை. இரட்டைக் கோடு, நடுவே தண்ணீர் போகிற திசைக்கு ஒரு அம்பு, பக்கத்தில் அதற்கென்று தனி சர்வே நம்பர். சந்தோஷம் தாங்காமல் பக்கத்து சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த பெண்ணை எழுப்பிக் காட்டினேன். அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்துவிட்டு, "இன்னாக்கா இது, நரம்பா? ஊட்ல யாருக்கு உடம்பு சரியில்ல?" என்று கேட்டாள்.

கோட்டை விரலால் தொடர்ந்து போனேன். குடோன் நிற்கிற நிலத்தின் குறுக்கே போனது. அதுதான் வேண்டியது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எந்தக் கோட்டையும் பாதியில் விடுகிற பழக்கம் எனக்கு இல்லை. அது குடோனைத் தாண்டி, இரண்டு நிலங்களுக்கு நடுவே போய், ஏரிக்குள் இறங்குவதற்கு முன் கடைசியாக ஒரு நிலத்தின் குறுக்கே போனது. அந்த நம்பரை நான் பார்த்திருக்கிறேன். நைனாவின் பட்டாவில் இருந்த நம்பர். கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அன்றைக்கு நானே வாசித்த நம்பர்.

எங்கள் கழனியில் நடுவே ஒரு பட்டையில் மட்டும் நெல் எப்போதும் கருகருவென்று வளரும். அங்கே நட்டால் தண்ணீர் கட்டவே வேண்டாம், அம்மன் பார்வை பட்ட இடம் என்று அண்ணி சொல்லுவாள். அம்மன் பார்வை இல்லை. நைனா ஏதோ ஒரு வருஷத்தில் கால்வாயை மூடிக் கழனியோடு சேர்த்திருக்கிறார். குடோன் வருவதற்கு முன் தண்ணீர் மேலே வெறும் நிலத்தில் தேங்கி, எங்கள் கழனி மேலேயே வழிந்து ஏரியில் இறங்கியிருக்கும்; ஊரில் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். எல்லோரிடமும் நல்ல மனுஷன் என்று பெயர் எடுத்த நைனா. பஸ் கும்மிடிப்பூண்டிக்குள் நுழைந்து கம்பெனி வாசலில் நின்றதும் மற்றவர்கள் இறங்கிப் போனார்கள். டிரைவர் கூப்பிட்ட பிறகுதான் நான் இறங்கினேன்.

அண்ணனிடம் போனில் சொன்னேன். நம்பரை இன்னொருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டான். பிறகு, "அது நைனா காலத்துலயே மேடு. எனுக்கு ஒண்ணும் தெரியாது" என்றான். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "குடோன் பக்கம் மட்டும் எடுத்துக் குடு பாப்பா. நம்ப நடவு கீது அதுல" என்றான்.

நான் அப்படியே செய்தேன். முழுப் படத்தையும் போட்டால் எழுத்து பொடியாகிவிடும், குடோன் பக்கத்தை மட்டும் பெரிதாக்கினால் தெளிவாக இருக்கும் என்று எனக்கு நானே ஒரு சால்ஜாப்பு சொல்லிக்கொண்டேன். கம்பெனி பழக்கத்தில் வலது கீழ் மூலையில் ஒரு கட்டம் போட்டு, எந்தத் தொகுப்பு, எந்தக் கட்டு, எத்தனையாவது படம், எந்த முகவரியில் திறக்கலாம் என்று எல்லாம் அச்சடித்தேன். சனிக்கிழமை ஊருக்குப் போய் அண்ணியிடம் கொடுத்தேன். விசாரணை செவ்வாய்க்கிழமை. பத்திரமாக வை, கசக்காதே என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறு எதையும் சொல்லத் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டுத் தாலுக்கா ஆபீஸுக்குப் போனேன். அண்ணனும் அண்ணியும் ஊரார் சிலரும் வராந்தாவில் இருந்தார்கள். அண்ணி பையிலிருந்து தாளை எடுத்து என்னிடம் நீட்டினாள். எங்கள் பக்கம் கல்யாணப் பத்திரிகையோ கிரயப் பத்திரமோ எதுவாக இருந்தாலும் முதலில் கங்கையம்மன் காலடியில் வைத்து, நாலு மூலையிலும் மஞ்சள் குழைத்துத் தடவி, குங்குமம் வைத்துத்தான் வெளியே எடுப்பார்கள். அண்ணி மூலைக்கு மூலை தாராளமாகத் தடவியிருந்தாள். நான் போட்ட கட்டம் மஞ்சளுக்குள் போய்விட்டது. துடைக்கப் போனால் மையோடு சேர்ந்து இழுத்துக்கொண்டு வந்தது. அது போதாதென்று, தாசில்தாருக்குப் பளிச்சென்று தெரியட்டும் என்று அண்ணன் கால்வாய்க் கோட்டின் மேலேயே நீல ஸ்கெட்ச் பேனாவால் தடிமனாக வரைந்திருந்தான்.

"நல்லதுக்குத்தானே செஞ்சோம்" என்றாள் அண்ணி என் முகத்தைப் பார்த்து.

ஷாப் ஃப்ளோராக இருந்திருந்தால் கிழித்தே போட்டிருப்பேன். கூப்பிட்டுவிட்டார்கள், உள்ளே போனோம்.

தாசில்தார் ஒரு அம்மா, கண்ணாடி போட்டவர். எதிர்ப்பக்கம் குடோன் மேனேஜர் ஒரு டைரியோடு உட்கார்ந்திருந்தார். தாசில்தார் தாளை வாங்கி, திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது யார் வரைஞ்சது?"

"பழைய சர்வே படம் மேடம்" என்றான் அண்ணன்.

"பேனா மை புதுசா இருக்கே. எங்கேர்ந்து எடுத்தீங்க, நம்பர் எங்க?"

மஞ்சளுக்குக் கீழே இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? மேனேஜர் எட்டிப் பார்த்துவிட்டு, "மேடம், நாளைக்கு இதே மாதிரி நானும் ஒண்ணு பிரிண்ட் போட்டுக் கொண்டாந்தா ஒத்துப்பீங்களா?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். தாசில்தார் தாளை மேஜை ஓரமாக வைத்துவிட்டு அடுத்த ஃபைலுக்குக் கையை நீட்டினார். நான் போனை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை. போனில் இருப்பதை யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்றார்.

அவர் சொன்னது சரிதான். என் கையில் இருப்பது எதையும் அவர் நம்ப வேண்டியதில்லை. அவர் கையாலேயே திறந்து பார்க்க ஒரு வழி இருந்தது. அந்தப் படம் எங்கள் வீட்டுப் பெட்டியில் இல்லை, யாரும் மஞ்சள் தடவ முடியாத இடத்தில் இருக்கிறது. அவர் மேஜையில் இருந்த கம்ப்யூட்டரிலேயே திறக்கலாம். ஆனால் திறந்தால் முழுப் படமும் வரும். அங்கே நான் நறுக்கி வைத்த மாதிரி வராது.

அண்ணனைப் பார்த்தேன். அவனுக்கும் புரிந்துவிட்டது. தலையை மெல்ல அசைத்து வேண்டாம் என்றான். அவன் என்னிடம் எதையும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. கண்ணால் கெஞ்சினான். ஊருக்குள் காலெடுத்து வைக்க எனக்கு இருக்கிற ஒரே வாசல் அவன் வாசல்தான். திறக்கவில்லையென்றால் ஃபைல் இன்றைக்கே மூடும், அடுத்த மழையும் ரோட்டோடு போகும். ஊரார் பின்னால் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அந்தக் கடைசி நிலத்தைப் பற்றி எதுவும் தெரியாது, என்னைத்தான் நம்பி நின்றார்கள்.

"மேடம், உங்க கம்ப்யூட்டர்லயே தொறங்க. நான் தொட மாட்டேன். எங்க போவணும்னு மட்டும் சொல்றேன்" என்றேன்.

தொகுப்பின் பெயர் சொன்னேன். மாவட்டம் செங்கல்பட்டு என்றேன், பழைய தாலுக்கா சொன்னேன், கட்டு நம்பர், படத்தின் நம்பர் எல்லாம் மனப்பாடமாக வந்தது. படம் கட்டம் கட்டமாக, ரொம்ப நிதானமாகத் திறந்தது. அறையில் எல்லோரும் எழுந்து அவர் பின்னால் போய் நின்றார்கள், மேனேஜர் உட்பட. தாசில்தார் கால்வாயைக் கண்டுபிடித்துவிட்டார். அவர் கை அப்படிப்பட்ட படங்களுக்குப் பழகிய கை. மேல் ஏரியில் ஆரம்பித்து, குடோன் நிலத்தைத் தாண்டும்போது நின்று, நம்பரைக் குறித்துக்கொண்டார். மேனேஜரும் டைரியில் குறித்துக்கொண்டார். பிறகு தாசில்தார் நகர்த்திக்கொண்டே போனார். நிறுத்தமாட்டாரா என்று இருந்தது. என்னைப் போலத்தான் அவரும், கோட்டைப் பாதியில் விடுகிற ஆள் இல்லை.

"ஏரிக்கு முன்னாடி இந்தக் கடைசி நம்பர் யாரோடது? அங்கயும் இப்ப கால்வாய் இல்லையே."

பேச வேண்டியவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்க அண்ணனுது மேடம். எங்க நைனா மூடினது" என்றேன்.

பின்னால் யாரோ மூச்சை இழுத்தது கேட்டது. தாசில்தார் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். சர்வேயரை அனுப்புவதாகவும், இரண்டு இடத்துக்கும் ஒரே உத்தரவுதான் என்றும் சொன்னார். மேனேஜர் டைரியை மூடினார். "நான் பேச்சு மாற மாட்டேன் மேடம். ஆனா கீழ அவங்க வழி விடாம மேல நான் தொறந்தா தண்ணி என் குடோன்ல நிக்கும். அவங்க பக்கம் மொதல்ல தொறக்கட்டும்" என்றார். அதிலும் தப்பில்லை.

வெளியே வந்ததும் அண்ணன் ஷேர் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டான், திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணி மட்டும் ஒரு நிமிஷம் நின்றாள். "பாகம் தரலன்னு மனசுல வெச்சிக்கினு இருந்து கழுத்த அறுத்துட்ட இல்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆட்டோவில் ஏறினாள். வீடு வரைக்கும் எனக்கு அதே வார்த்தைதான் காதில் இருந்தது. அப்படி ஒரு எண்ணம் எனக்குள் எங்கேயாவது இருந்ததா என்று தோண்டித் தோண்டிப் பார்த்தேன். துளிகூட இல்லை என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் அதற்காகத் திறக்கவில்லை. அது எனக்கு உறுதியாகத் தெரியும்.

அதன் பிறகு அண்ணன் போன் செய்யவில்லை. நான் செய்தாலும் எடுக்கவில்லை. சர்வேயர் வந்து அளந்து கல் நட்டுவிட்டுப் போனதாக ஊர்க்காரர் ஒருவர் சொன்னார். குடோன் மேனேஜர் சுவருக்கு உள்ளே ஜேசிபியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுக் காத்திருக்கிறாராம். அண்ணனிடம் போய் ஆரம்பி என்று சொல்ல ஊரில் யாருக்கும் வாய் வரவில்லை. நடவு நட்டுப் பச்சை பிடித்திருந்த கழனி. மழை ஆரம்பிக்க ரொம்ப நாள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஊரார் கல் நட்ட இடத்தில் கூடுவதாகக் கேள்விப்பட்டு, காலையில் முதல் பஸ் பிடித்து ஊருக்குப் போனேன். வீட்டுக்குப் போகவில்லை, நேராகக் கழனிக்குப் போனேன். ஊரார் வரப்பில் நின்றிருந்தார்கள், என்னைப் பார்த்ததும் வழி விட்டார்கள். இந்தக் கல்லிலிருந்து அந்தக் கல் வரைக்கும் கால்வாய். நடுவே கருகருவென்று நாற்று. யாரோ ஒரு மண்வெட்டியை வரப்பில் சாய்த்து வைத்திருந்தார்கள். எடுத்து வெட்டிவிடலாம் என்று கை பரபரத்தது. ஆனால் அந்த மண்ணில் ஒரு பிடிக்குக்கூட எனக்கு உரிமை இல்லை. அதைத்தான் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேனே. சும்மா நின்றேன். அழுகை வந்தது.

அண்ணன் வந்தான். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, தோளில் ஒரு கயிற்றுச் சுருள். என்னைத் தாண்டிப் போய் முதல் கல்லில் கயிற்றைக் கட்டினான். மறு முனையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான்.

"இந்தா, அந்தக் கல்லாண்ட போய் நில்லு. கோணலா புடிக்காத. கோணிச்சின்னா அவுங்களும் கோணலா வெட்டுவாங்க."

நாற்றுக்கு நடுவே நடந்து போய்க் கயிற்றை இழுத்துப் பிடித்தேன். அவன் குனிந்து வெட்ட ஆரம்பித்தான். கொஞ்ச நேரம் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு வரப்பில் நின்றவர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். அண்ணி எங்கிருந்து வந்தாள் என்று கவனிக்கவில்லை. வெட்டுவதற்கு முன்னால் நாற்றைப் பிடுங்கிப் பிடுங்கி வரப்பில் அடுக்கிக்கொண்டிருந்தாள், என் பக்கம் மட்டும் பார்க்கவில்லை.

வெயில் ஏறியபோது வெட்டு ஏரிவரை போய்விட்டது. அண்ணன் நிமிர்ந்தான். உடம்பெல்லாம் சேறு. குடோன் சுவரைப் பார்த்துக் கையை வாயருகே வைத்துக் கூப்பிட்டான்.

"மேனேஜர் சார், எங்க பக்கம் தொறந்துட்டோம். நீங்க ஆரம்பிங்க."